தறியும் கயிறும்

குன்றத்தூர் என்றவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சில் முதலில் தோன்றுபவர் சேக்கிழார் பெருமான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ அரசின் அமைச்சராக விளங்கிப் பெரிய புராணம் பாடிய அவர் பிறந்த ஊரில் வாழ்கிறோம் என்பது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அவர் பாடிய அடியார்களின் பெயர்களைக் கேட்டால் நம் மாணவியர் கண்ணப்பர், காரைக்கால் அம்மையார், திருநாளைப்போவார் என்று மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்வார்கள். தண்டியடிகளைச் சொல்பவர் அரிது. இக்கட்டுரைக்கு அவரே தேவைப்படுகிறார்.

தண்டியடிகள் திருவாரூரில் வாழ்ந்தவர். பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். கோயிலுக்கு மேற்கேயுள்ள குளம் சுருங்கிப்போனதை அறிந்து, தாமே அதைத் தோண்டி அகலமாக்கப் புறப்பட்டார். கண் தெரியாத ஒருவர் குளத்துக்குள் இறங்கி மண்ணை வெட்டி, கூடையில் சுமந்து, கரையேறிக் கொட்டிவிட்டு, மறுபடியும் வெட்டிய இடத்துக்கே திரும்பி வருவது எப்படி? கைபிடித்து அழைத்துச் செல்ல அவர் யாரையும் கெஞ்சவில்லை. குழியில் ஒரு தறி நட்டார். கரையில் ஒரு தறி நட்டார். இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே போனார், வந்தார், வேலை நடந்தது. (தறி என்றால் இங்கே நட்டுவைத்த முளை. பட்டு நெய்யும் நம் ஊரார் மயங்க வேண்டாம்.) எதிர்த்தவர்கள் ஏளனம் செய்ததோடு நில்லாமல், அவருடைய தறியையும் கயிற்றையும் பிடுங்கிவிட்டார்கள். அது பழைய சமயப் பகையின் கதை; அந்தப் பகையை நாம் இங்கே கிளற வேண்டியதில்லை. முடிவில் அவருக்குக் கண்ணொளி கிடைத்தது என்கிறது புராணம். எனக்கோ, அந்த அற்புதத்தைவிட அதற்கு முன்னிருந்த கயிறுதான் மனத்தில் நிற்கிறது.

சிறு வணிகத்தின் இணையத்தளத்தைப் பற்றி எழுத வந்தவள் பழங்கதை சொல்கிறாளே என்று சில பெற்றோர் எண்ணக்கூடும். காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளாக நம் பக்கத்துச் சிறு கடைகளெல்லாம் இணையத்தில் ஏறிவிட்டன. வீட்டிலேயே பட்டுச் சேலை விற்பவர், ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதி நடத்துபவர், தையற்கடைக்காரர், முறுக்கும் அதிரசமும் சுட்டுத் தருபவர் என்று பலரும் சொந்தமாக ஓர் இணையப் பக்கம் வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். அதை உருவாக்கித் தருபவர் யார்? பெரும்பாலும் அந்த வீட்டில் படிக்கும் பெண்தான். அம்மா படம் பிடித்துக் கொடுக்கிறார். ஒன்பதாம் வகுப்பு மகள் அதை ஏற்றுகிறாள். ஆகவே மாணவியரே, இக்கட்டுரையை நான் கடைக்காரர்களை நினைத்து எழுதவில்லை. உங்களை நினைத்தே எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். இணையம் பிறக்கும்போதே கயிற்றோடு பிறந்தது. அழகு என்று நினைத்து அதைப் பிடுங்குபவர்கள் நாம்.

கண் தெரியாதவர் கைப்பேசியில் படிப்பாரா என்று வியப்பவர் இன்றும் உண்டு. படிப்பார். திரையிலுள்ள எழுத்தை உரக்க வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘டாக்பேக்’ என்ற பெயரில் அது இலவசமாகவே கிடைக்கிறது. பெரும்பாலான கைப்பேசிகளில் முன்கூட்டியே இருக்கும். கணிப்பொறிக்கு ‘என்.வி.டி.ஏ.’ என்ற ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் அதை எழுதத் தொடங்கினார். விலை கொடுத்து வாங்க வசதியில்லாதவர்க்கும் கிடைக்கவேண்டும் என்று அதை இலவசமாகவே உலகுக்கு அளித்தார். அது தமிழும் வாசிக்கும். சென்னை லிட்டில் பிளவர் கான்வென்ட் பார்வையற்றோர் பள்ளியில் படித்து, ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் பட்டம் பெற்ற பெனோ ஜெபின் அவர்களை நம் அருட்சகோதரியர் பலரும் அறிவர். 2015-இல் இந்திய வெளிநாட்டுப் பணியில் சேர்ந்த முதல் முழுப் பார்வையற்றவர் அவர். திரையை வாசிக்கும் மென்பொருள் அவருடைய படிப்புக்கு உற்ற துணையாக இருந்தது. அப்படிப்பட்ட ஒருவர் நம் தெருவிலுள்ள ஒரு கடையில் சேலை வாங்க நினைத்தால் என்ன ஆகும்?

அதைத் தெரிந்துகொள்ள நானே ஒருநாள் மாலை சோதித்துப் பார்த்தேன். டாக்பேக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, வெளியூர்க் கடை ஒன்றின் பக்கத்தைத் திறந்தேன். ‘படம்’ என்றது. அடுத்து ஒரு நீண்ட எண்ணை இலக்கம் இலக்கமாக ஒப்பித்தது. அது கேமரா அந்தப் படத்துக்கு இட்ட எண். பிறகு ‘பட்டன்’ என்றது. எதற்கான பட்டன் என்று சொல்லவில்லை. மறுபடியும் ‘பட்டன்’. கால் மணி நேரம் ஆகியும் ஒரு சேலையின் விலைகூட எனக்குக் கிடைக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், விலை இருக்கிறது! படத்துக்குள்ளே, பொன்னிற எழுத்தில், பூ வேலைப்பாட்டுக்கு நடுவே இருக்கிறது.

இங்குதான் கயிறு அறுகிறது. 1989-இல் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ இணையவலையைத் திட்டமிட்டபோது, அது வெறும் எழுத்தாகவே இருந்தது. தலைப்பு தலைப்பாகவும், பத்தி பத்தியாகவும், இணைப்பு இணைப்பாகவும் குறிக்கப்பட்டிருந்தன. எழுத்தாக இருப்பதை எந்த இயந்திரமும் வாசித்துவிடும், பெரிதாக்கிவிடும், இன்னொரு மொழிக்கும் மாற்றிவிடும். அதே செய்தியை ஒரு நோட்டீஸ் போல வடிவமைத்துப் படமாக ஏற்றும்போது, அது கல்லில் ஒட்டிய காகிதமாகிவிடுகிறது. கண்ணுள்ளவர் மட்டுமே படிக்கலாம். அவரும் வெயிலில் படிக்க முடியாது. நம் வட்டாரத்தில் கடைகள் வெளியிடும் விலைப்பட்டியல், திறக்கும் நேரம், விலாசம், தொலைபேசி எண் எல்லாம் பெரும்பாலும் இப்படிப் படங்களாகவே இருக்கின்றன.

தமிழுக்கென்று இன்னொரு தனித் தொல்லை உண்டு. அதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் சொல்வதே இல்லை. அச்சகங்களில் நெடுங்காலமாகப் பலவகை எழுத்துருக்களில் தமிழைத் தட்டச்சு செய்துவந்தார்கள். அவற்றில் பலவற்றில், திரையில் ‘அ’ என்று தெரிவது கணிப்பொறிக்கு உள்ளே ஓர் ஆங்கில எழுத்தாகவே இருக்கும். கண்ணுக்குத் தமிழ், காதுக்குக் குழறல். வாசிப்பு மென்பொருள் அதைப் படித்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே ஒலிக்கும். உலகப் பொதுக் குறிமுறையான யூனிகோடில் 1991-ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. தமிழக அரசும் 2010-இல் அதை ஏற்று ஆணையிட்டது. கைப்பேசியில் நீங்கள் தட்டும் தமிழ் யூனிகோடுதான். அதில் தொல்லை இல்லை. அச்சகத்தில் அடித்த பழைய கோப்பை அப்படியே எடுத்து ஒட்டும்போதுதான் வினை. ஆகவே அப்பாவின் பழைய விளம்பரத்தை அப்படியே ஏற்றாமல், பத்து நிமிடம் செலவிட்டு மறுபடியும் தட்டச்சு செய்துவிடுங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று அமைப்பில் ஓரிடத்தில் குறிக்கவும் வேண்டும். இல்லையென்றால் மென்பொருள் நம் ‘அதிரசத்தை’ வெள்ளைக்காரர் குரலில் படிக்க முயலும், அல்லது படிக்காமலே தாண்டிவிடும்.

அடுத்தது படங்களுக்கு எழுதவேண்டிய குறிப்பு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும், கண்ணுக்குத் தெரியாமல், ஒரு சிறு விளக்கம் எழுதிவைக்க இணையத்தில் இடம் உண்டு. வாசிப்பு மென்பொருள் அதையே ஒப்பிக்கும். பெரும்பாலோர் அதைக் காலியாக விடுகிறார்கள். சிலர் ‘சேலை’ என்று மட்டும் எழுதுகிறார்கள். சேலைக் கடையில் சேலை இருக்கும் என்பது யாருக்குத் தெரியாது? தறிக்குப் பக்கத்தில் வளர்ந்த பெண்ணுக்கு இதைவிட நன்றாக எழுதத் தெரியும். ‘அரக்கு நிறப் பட்டு. மயில்கழுத்து நிறத்தில் ஒரு சாண் கரை. கரையில் ருத்ராட்சமும் கோபுரமும். முந்தானை முழுதும் சரிகை. உடலில் சிறு புட்டா.’ இதைக் கேட்பவர் அச்சேலையைக் காண்கிறார். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வெங்காய நிறம், கத்தரிப்பூ நிறம் என்று நம் நெசவாளரும் கடைக்காரரும் வழங்கும் நிறப்பெயர்களுக்கு அளவில்லை. அவற்றுக்கு இணையத்தில் இப்போது வேலை வந்திருக்கிறது.

பிறவியிலேயே பார்வையில்லாதவர்க்கு நிறத்தைச் சொல்லி என்ன பயன் என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பார்வையற்றோருள் பலர் இடையில் பார்வை இழந்தவர்கள். அவர்களுக்கு நிறம் நினைவிருக்கிறது. பிறவியிலேயே காணாதவரும் நிறத்தின் பெயரைக் கொண்டு என்ன உடுத்துவது, எந்த விழாவுக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்கிறார். மற்றவர் என்ன பார்க்கிறார்கள் என்பதை அறிய அவருக்கும் உரிமை உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத ஆண்களும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். மனைவிக்குச் சேலை வாங்கும் அவர்களுக்கும் இந்தக் குறிப்பு கைகொடுக்கும். தேடுபொறிகளும் அதையே படித்து, ‘மயில்கழுத்துக் கரை’ என்று தேடுபவரை உங்கள் அம்மாவின் பக்கத்துக்கு அழைத்துவரும்.

எழுத்தின் நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வெள்ளைத் தாளில் வெளிர்ச் சாம்பல் எழுத்து இன்று ஒரு நாகரிகமாகிவிட்டது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் இருக்கவேண்டும் என்பது உலக இணைய அமைப்பின் நெறி. அமெரிக்காவிலுள்ள வெப்எய்ம் என்ற அமைப்பு 2025-இல் பத்து லட்சம் தளங்களின் முதற்பக்கங்களை இயந்திரத்தின் மூலம் ஆராய்ந்தது. நூற்றுக்கு 94-க்கு மேற்பட்டவற்றில் ஏதேனும் ஒரு குறை இருந்தது. அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்ட குறை இந்த மங்கல் எழுத்துத்தான். பெரிய பெரிய நிறுவனங்களே இப்படி என்றால், குன்றத்தூரில் ஒரு வீட்டுக் கடை அவர்களை முந்திவிடலாம் அல்லவா? கண்புரை வளரும் பாட்டிமாருக்கும், நண்பகல் வெயிலில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டே விடுதிப் பக்கத்தைப் பார்க்கும் தொழிலாளப் பெண்ணுக்கும் தேவை ஒன்றே: கறுப்பு எழுத்து, சற்றுப் பெரிதாக.

கை நடுங்குபவர், மௌஸைப் பிடிக்க இயலாதவர் ஆகியோர் கணிப்பொறியில் ‘டேப்’ விசையைத் தட்டித் தட்டியே நகர்வார்கள். தாம் எங்கே நிற்கிறோம் என்று அவர்களுக்குக் காட்ட, அந்த இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் தானாகவே தோன்றும். யாரும் அதை அமைக்கவேண்டியதில்லை. பிரவுசரே போட்டுத் தரும். வடிவமைப்பாளர் சிலர் அக்கட்டம் அழகைக் கெடுக்கிறது என்று ஒரு வரி எழுதி அழித்துவிடுகிறார்கள். தண்டியடிகளின் கதையை நினைத்துக்கொண்டே இதைப் படியுங்கள்.

காது கேளாதோரை நாம் இன்னும் எளிதாக மறந்துவிடுகிறோம். ‘ஆர்டருக்கு அழைக்கவும்’ என்று எண்ணை மட்டும் போட்டால் அவர் எப்படி அழைப்பார்? ‘செய்தி அனுப்பினாலும் போதும்’ என்று இரண்டு சொல் சேர்த்தால் கதவு திறந்துவிடும். சேலை மடிப்பதைக் காட்டும் வீடியோவில் நீங்கள் பேசுவதை அடியில் எழுத்தாகவும் போடுங்கள். பஸ்ஸில் ஒலியைக் குறைத்துவைத்துப் பார்ப்பவர்களும் அதைப் படிப்பார்கள்.

இவ்வளவும் யாருக்காக, நம் கடைக்குப் பார்வையற்றவர் எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்று கணக்குக் கேட்பவர் உண்டு. வணிகம் செய்பவர் கணக்குக் கேட்பதில் தவறில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். அதன்பின் வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. ஆகவே அப்போது எண்ணப்படாதவர்களும் பலர். ஆனால் எனக்கு இந்தக் கணக்கில் முழு மனநிறைவு இல்லை. அவர்கள் வரவில்லை என்கிறோமே, வரும்படி நாம் வைத்திருந்தோமா? கயிற்றைப் பிடுங்கிவிட்டு, குளத்துக்கு யாரும் வரவில்லை என்று சொல்வது எப்படி நியாயம்?

செலவைப் பற்றியும் பெற்றோர் கவலைப்படுவர். மேலே சொன்னவற்றில் காசு செலவாவது ஒன்றுமில்லை. தட்டச்சு செய்யும் நேரம்தான் செலவு. காசு கேட்பவர் வேறு இடத்தில் இருக்கிறார். ‘எங்கள் பட்டனை உங்கள் தளத்தின் மூலையில் ஒட்டிவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும், மாதம் இவ்வளவு கொடுங்கள்’ என்று விற்கும் நிறுவனங்கள் உலகெங்கும் கிளம்பியுள்ளன. அப்படி உறுதி கூறிய ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்தவேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2025-இல் ஆணையிட்டது. அந்தப் பட்டன் சொன்னதைச் செய்யவில்லை என்பதே குற்றச்சாட்டு. விலையும் விலாசமும் படத்துக்குள் இருக்கும்வரை எந்தப் பட்டனை நம்பியும் பயனில்லை.

சட்டம் பேசுவது எனக்கு அவ்வளவாக விருப்பமில்லை. பயந்து செய்யும் நன்மை நெடுநாள் நிற்காது. ஆயினும் அறிந்திருப்பது நல்லது. அமெரிக்காவில் டோமினோஸ் நிறுவனத்தின் தளத்தில் பீட்சா வாங்க இயலாத பார்வையற்ற ஒருவர் 2016-இல் வழக்குத் தொடுத்தார். நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019-இல் அந்த நீதிமன்றம் அதன் முறையீட்டை ஏற்க மறுத்தது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்களுக்குச் சேவை அளிப்பவர் அரசானாலும் தனியாரானாலும் அதை எல்லோரும் பெறும்படி அளிக்கவேண்டும் என்கிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், இத்தகைய நெறிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30-இல் வந்த தீர்ப்பு இன்னும் நெஞ்சைத் தொடுவது. அமில வீச்சுக்கு ஆளான ஒரு பெண்மணி வங்கிக் கணக்குத் தொடங்கப் போனபோது, உயிருள்ளவர் என்று காட்டக் கேமராவுக்கு முன் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். அவரால் சிமிட்ட இயலவில்லை. அவரும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், மின்னணுச் சேவைகளைப் பெறுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று நீதிமன்றம் கூறி, 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆர். மகாதேவன் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்றவர்.

இன்னொரு செய்தியையும் சேர்த்துவிடுகிறேன். தட்டச்சு பழகும் பெண்களுக்குப் பிடிக்கும். உலகின் மிகப் பழைய தட்டச்சுப் பொறிகளில் ஒன்றை இத்தாலியரான பெல்லெக்ரினோ தூரி உருவாக்கியது, பார்வையிழந்த தம் தோழி ஒருத்தி தானே கடிதம் எழுதவேண்டும் என்பதற்காகத்தான். 1808-ஆம் ஆண்டு முதல் அவள் அதில் அடித்த கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. ஒருத்திக்காகச் செய்த கருவியின் வழித்தோன்றல்கள் பின்னாளில் எத்தனை பெண்களுக்கு வேலை தந்தன!

கோடை விடுமுறையில் வீட்டுக் கடையின் பக்கத்தைச் சீர்செய்ய நினைக்கும் மாணவியருக்கு ஒரு வழி சொல்கிறேன். கைப்பேசியின் அமைப்புகளில் ‘ஆக்சஸிபிலிட்டி’ என்ற பகுதியைத் திறந்து டாக்பேக்கைப் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் பக்கத்திலேயே ஒரு பொருளைத் தேடி, விலை கேட்டு, ஆர்டர் கொடுக்கும்வரை போய்ப் பாருங்கள். எங்கே தடுக்கி விழுகிறீர்களோ அந்த இடத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, அதை முதலில் சரிசெய்யுங்கள். அருகில் பார்வையற்ற அண்ணனோ அக்காவோ இருந்தால் அவர்களையே பார்த்துச் சொல்லக் கேட்பது இன்னும் நல்லது. ஆனால் அவர்கள் நேரத்துக்கு உரிய மரியாதை கொடுங்கள், சும்மா வேடிக்கைக்குக் கூப்பிடாதீர்கள். ஓர் எச்சரிக்கை: டாக்பேக் ஓடும்போது ஒருமுறை தொட்டால் அது வாசிக்க மட்டுமே செய்யும், இருமுறை தட்டினால்தான் திறக்கும், பக்கத்தை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். ஆகையால் அதை நிறுத்துவது எப்படி என்று முதலில் கற்றுக்கொண்டு, பிறகு போடுங்கள். அப்பாவின் கைப்பேசியில், அவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், செய்து பார்க்கவே வேண்டாம்.